இரண்டு டிஸ்க் இருந்தால் பத்திரமா?

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஊர்ந்து போவதை ஆறு ஆண்டுகள் விடாமல் படமெடுத்த இளைஞர் ஒருவர் எங்கள் மண்டபம் ஊரில் இருக்கிறார். விடியலில் எடுத்தது, மழையில் எடுத்தது, தூக்குப் பகுதி திறந்து படகுகள் வரிசையாகக் கடந்தபோது எடுத்தது என்று அவரிடம் எல்லாம் இருந்தன. 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டு, ரயில்கள் அதன் வழியே ராமேசுவரம் போகின்றன. பழைய பாலத்தின் மேல் ரயில் போகும் காட்சியை இனி யாராலும் எடுக்க முடியாது.

அவர் எடுத்த அத்தனையும் இரண்டு ஹார்டு டிஸ்க் பொருத்திய ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்தன. ஒரு நாள் அதில் ஒரு டிஸ்க் செத்துப்போனது. கணினி பழுதுபார்க்கும் என்னிடம் பெட்டியைக் கொண்டுவந்தார். வரும்போது அவர் முகத்தில் கவலையே இல்லை. "அண்ணே, ஒன்றுதானே போயிருக்கிறது? இன்னொன்றிலிருந்து எடுத்துக் கொடுங்கள்" என்றார்.

எடுத்துக் கொடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை அன்று அவருக்குச் சொன்னதைவிடப் பொறுமையாக இங்கே எழுதுகிறேன். இப்படிப் பல டிஸ்க்குகளைச் சேர்த்து அமைப்பதற்கு ரெய்டு என்று பெயர். "ரெய்டு போட்டிருக்கிறேன், பத்திரமாக இருக்கிறது" என்று சொல்கிறவர்களைக் கீழக்கரையிலிருந்து தொண்டி வரை பார்க்கிறேன். எந்த ரெய்டு என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை.

ஏலக் கரையில் இரண்டு கணக்குப்பிள்ளைகள்

விடியற்காலையில் படகுகள் கரைக்கு வந்துவிட்டன. மீன் ஏலம் வேகமாக நடக்கிறது. எந்தக் கூடை, யார் எடுத்தார், என்ன விலை என்று ஒரே கணக்குப்பிள்ளை எழுதுகிறார். ஏலம் கூறுபவரின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் இன்னொருவரையும் உட்காரவைக்கிறார்கள். இதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழியில், முதல் கூடையை ஒருவர் தம் நோட்டில் எழுதுவார், இரண்டாவது கூடையை மற்றவர் தம் நோட்டில் எழுதுவார், மூன்றாவது மறுபடி முதல் ஆளுக்கு. இப்படி மாறி மாறி எழுதினால் வேலை ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் முடியும். ஆனால் ஒரு நோட்டு கடலில் விழுந்துவிட்டால், கையில் இருக்கும் மற்றது ஒரு வரி விட்டு ஒரு வரி உள்ள கணக்கு. மொத்தம் என்ன என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது வழியில் இருவருமே எல்லாக் கூடைகளையும் எழுதுவார்கள். எழுதும் வேகம் கூடாது. ஆனால் ஒரு நோட்டு தொலைந்தாலும் மற்றதில் முழுக் கணக்கும் இருக்கும்.

இரண்டிலும் இருப்பது இரண்டு ஆள், இரண்டு நோட்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மண்டபத்து இளைஞரின் பெட்டியும் அப்படித்தான் இருந்தது. இரண்டு டிஸ்க் என்றதும் இரண்டாவது வழி என்று அவர் நினைத்துக்கொண்டார். பெட்டி முதல் வழியில் அமைக்கப்பட்டிருந்தது.

இனி டிஸ்க்குக்குள்

பல டிஸ்க்குகளைச் சேர்த்து, கணினிக்கு ஒரே டிஸ்க்காகக் காட்டும் ஏற்பாட்டின் பெயர் ரெய்டு. 1988இல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. பெரிய கணினிகளுக்கான விலையுயர்ந்த ஒற்றை டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சிறு டிஸ்க்குகளைப் பலவாகச் சேர்த்து வேகம் பெறலாம் என்பது அவர்கள் யோசனை. டிஸ்க்குகள் கூடக்கூட ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும் என்பதை அவர்கள் அப்போதே கண்டு சொன்னார்கள். அதனால்தான் கூடுதல் நகல் அல்லது கூடுதல் கணக்கு வைத்துக்கொள்ளும் ஐந்து முறைகளை 1 முதல் 5 வரை எண்ணிட்டு முன்வைத்தார்கள்.

அந்த ஐந்தில் ரெய்டு 0 கிடையாது. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வேகத்துக்காக மட்டும் தரவைப் பிரித்து எழுதும் முறைக்குப் பிற்பாடு வந்த பெயர் அது. பெயரிலுள்ள பூச்சியத்தைப் பாதுகாப்பின் அளவு என்றே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ரெய்டு 0 செய்வது இதுதான். நீங்கள் ஒரு கோப்பைச் சேமித்தால், அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி டிஸ்க்குகளில் மாறி மாறி எழுதும். இப்படி வரிசையாகப் பகிர்ந்து எழுதுவதற்கு ஸ்ட்ரைப்பிங் என்று பெயர். துண்டின் அளவு 64 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். 5 மெகாபைட் புகைப்படம் ஒன்று 80 துண்டாகும். ஒரு டிஸ்க்கில் 40, மற்றதில் 40. ஒரு டிஸ்க் போனால் ஒவ்வொரு புகைப்படத்திலும் பாதி போகும், அதுவும் ஒன்று விட்டு ஒன்றாக. 4 ஜிகாபைட் வீடியோ என்றால் அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும் சின்னக் குறிப்புக் கோப்புகள் சில முழுதாகத் தப்பக்கூடும். அந்த இளைஞரின் பெட்டியில் நான் முழுதாக மீட்ட பொருள் எது தெரியுமா? படமெடுத்த நாட்களை எழுதிவைத்திருந்த ஒரு பட்டியல். படங்கள் இல்லை.

இதுவரை: ரெய்டு 0 தரவைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறது, நகல் எடுப்பதில்லை. இரண்டு டிஸ்க்கும் உயிரோடு இருந்தால்தான் தரவு உண்டு.

வேகம் எங்கே கிடைக்கிறது

ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று சுழல்கிறது. அதன்மேல் ஊசிபோன்ற ஒரு பகுதி அசைந்து படிக்கிறது. அதை ஹெட் என்பார்கள். பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இன்றைய ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்குச் சுமார் 150 முதல் 250 மெகாபைட் வரை தரும். தரவை ரெய்டு 0 முறையில் இரண்டு டிஸ்க்கில் பிரித்துப் போட்டால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். இது உண்மையான லாபம். பெரிய காட்சிக் கோப்புகளை வைத்துத் தொகுப்பவருக்கு இது புரியும்.

ஆனால் கணினி மந்தமாக இருக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களின் துன்பம் பெரும்பாலும் வேறு. கணினியை இயக்கும்போதும் நிரலைத் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கும் இங்கும் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஹெட் நகர்ந்து இடத்தைப் பிடிக்கப் பத்து மில்லி நொடி அளவு ஆகும். டிஸ்க்கை இரண்டாக்கினாலும் ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் குறையாது. மீன் எங்கே என்று தேடிப் போகும் தூரம் அதிகம் என்றால், வலையை அகலமாக்கி என்ன பயன்?

இந்த நோய்க்கு மருந்து எஸ்எஸ்டி. சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க் அது. தேடும் நேரம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஹார்டு டிஸ்க்கைப்போல் கேபிளில் இணைக்கும் சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்று நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் தரும். மதர்போர்டில் நேரே செருகும் என்விஎம்இ வகையில் 3,000 மெகாபைட்டைத் தாண்டுவது இன்று சாதாரணம். இரண்டு ஹார்டு டிஸ்க்கைக் கட்டிப்போட்டுப் பெற நினைத்த வேகத்தைப்போல் பல மடங்கை ஒரே ஒரு எஸ்எஸ்டி தருகிறது. வீட்டுக் கணினியில் வேகத்துக்காக ஹார்டு டிஸ்க்குகளை ரெய்டு 0 ஆக்கும் காலம் முடிந்துவிட்டது என்பதே என் கருத்து.

இன்னொரு இடத்திலும் வேகம் வீணாகிறது. வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ள நெட்வொர்க் கேபிள் வழியாக இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள் உண்டு. நாஸ் என்பது அவற்றின் பெயர். ஜிகாபிட் வகை நெட்வொர்க் கேபிள் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் கடத்தும். ஒற்றை டிஸ்க்கே அதைவிட வேகமாகத் தரும்போது, பெட்டிக்குள் ரெய்டு 0 வைத்துக் கண்ட பலன் எதுவும் இல்லை. இழப்பு அபாயம் மட்டும் மிஞ்சுகிறது. இப்படி அமைத்திருந்த இரண்டு வீடுகளில் நானே பிரித்து மாற்றியிருக்கிறேன்.

இழப்பின் கணக்கு

கணக்கு எளிதாக வரட்டும் என்று ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். பிழைத்திருக்கும் வாய்ப்பு 97. ரெய்டு 0இல் இரண்டு டிஸ்க்கும் பிழைத்தால்தான் தரவு பிழைக்கும். 0.97ஐ 0.97ஆல் பெருக்கினால் 0.94. அதாவது இழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு. நான்கு டிஸ்க் சேர்த்தால் பதினொன்றைத் தாண்டுகிறது. வேகம் கூடும் அதே கணக்கில் அபாயமும் கூடுகிறது.

அதே இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை இரட்டையாக எழுதினால் கணக்கு தலைகீழாகிறது. இரண்டுமே போனால்தான் இழப்பு. நூற்றுக்கு மூன்றில் நூற்றுக்கு மூன்று என்பது பத்தாயிரத்துக்கு ஒன்பது. பழுதானதை உடனே மாற்றிவிட்டால் அதற்கும் கீழே போகும்.

இந்த இரண்டாவது கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்று பழுதாவதற்கும் மற்றது பழுதாவதற்கும் தொடர்பே இல்லை என்று நாம் எண்ணிக்கொண்டோம். நம் கரையில் அது உண்மையா? கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைத் திறந்துவைத்தால் சாயங்காலத்துக்குள் மேசைமேல் மணலும் உப்பும் படிகின்றன. அந்த உப்புக் காற்று ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கின் இணைப்பு முனைகளையும் ஒன்றாகத்தான் அரிக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பும்போது வரும் உயர் அழுத்தம் இரண்டையும் ஒன்றாகத்தான் தாக்குகிறது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே தொகுதியில் செய்யப்பட்டவையாக இருக்கலாம். அப்படியானால் ஒரே குறையும் இரண்டிலும் இருக்கலாம். காகிதத்தில் பத்தாயிரத்துக்கு ஒன்பது என்று வந்தது வீட்டில் அவ்வளவு குறைவாக இருக்காது.

ரெய்டு 1: ஒன்றுபோல் இரண்டு

ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை ரெய்டு 1. மிரர் என்றும் சொல்வார்கள். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினால் பயன்படுத்தக் கிடைப்பது 4 டெராபைட்தான். எழுதும் வேகம் ஒற்றை டிஸ்க் அளவே. படிக்கும்போது மட்டும், இருவர் வெவ்வேறு கோப்பைக் கேட்டால் ஆளுக்கொரு டிஸ்க் பதில் சொல்ல முடியும் என்பதால் சற்று லாபம் உண்டு. வீட்டுக்கு ரெய்டு வேண்டும் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எளிமையானது. பல அமைப்புகளில் ஒரு டிஸ்க்கைக் கழற்றித் தனியாக இணைத்தாலும் படித்துவிடலாம்.

ரெய்டு 5: கூட்டுத்தொகை என்னும் தந்திரம்

பாதி இடத்தை நகலுக்கே கொடுக்க மனம் வராதவர்களுக்காக ஒரு நடுவழி உண்டு. மறுபடி ஏலக் கரைக்கு வாருங்கள். இப்போது மூன்று நோட்டு. முதல் நோட்டில் 12 கிலோ, இரண்டாவதில் 9 கிலோ. மூன்றாவது ஆள் கூடை எதையும் எழுதுவதில்லை, இரண்டையும் கூட்டி 21 என்று மட்டும் எழுதுகிறார். முதல் நோட்டு தொலைந்தால் 21இலிருந்து 9ஐக் கழித்து 12 என்று கண்டுபிடிக்கலாம். இரண்டாவது தொலைந்தாலும் அப்படியே. கூட்டுத்தொகை நோட்டே தொலைந்தால் மறுபடி கூட்டிக்கொள்ளலாம். எந்த ஒன்று போனாலும் கணக்கு மீளும். ஆனால் இரண்டு போனால் மீளாது.

கணினியில் எல்லாம் 1, 0 என்னும் இரண்டு குறிகள்தான் என்பதால் கூட்டல் இன்னும் எளிது. ஒரே வரிசையில் உள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. இந்தக் குறிப்புக்குப் பேரிட்டி என்று பெயர். ரெய்டு 5இல் பேரிட்டியை ஒரே டிஸ்க்கில் குவிக்காமல் எல்லா டிஸ்க்கிலும் சுற்றிச் சுற்றி எழுதுவார்கள். குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். 4 டெராபைட் டிஸ்க் நான்கு இருந்தால் 12 டெராபைட் கிடைக்கும்.

இதற்கு விலை எழுதும்போது கொடுக்க வேண்டும். 12 கிலோவை 13 என்று திருத்த வேண்டுமானால் பழைய எண்ணைப் படிக்க வேண்டும், பழைய கூட்டுத்தொகையைப் படிக்க வேண்டும், புதிய எண்ணை எழுத வேண்டும், புதிய கூட்டுத்தொகையை எழுத வேண்டும். ஒரு வேலை நான்காகிறது. சின்னச் சின்னத் திருத்தங்கள் அதிகமாக நடக்கும் கணினியில் ரெய்டு 5 மந்தமாவது இதனால்தான். இந்த நான்குக்கு நடுவே மின்சாரம் போனால் எண் புதியதாகவும் கூட்டுத்தொகை பழையதாகவும் நின்றுவிடலாம். பின்னொரு நாள் அந்தக் கூட்டுத்தொகையை நம்பி மீட்டால் தவறான எண் வரும். யூபிஎஸ் இல்லாத வீட்டில் ரெய்டு 5 அமைத்துத்தரச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுகிறேன்.

மிகப்பெரிய ஆபத்து ஒரு டிஸ்க் போன பிறகு வருகிறது. புதிய டிஸ்க்கைப் போட்டதும், தொலைந்த ஒவ்வொரு எண்ணையும் கணக்கிட்டு எழுதும் வேலை தொடங்குகிறது. ரீபில்டு என்பார்கள். நான்கு டிஸ்க் உதாரணத்தில், மிஞ்சிய மூன்றிலிருந்தும் 12 டெராபைட்டை ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் என்றால் 4 டெராபைட்டை நிரப்பவே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் வேறு வேலை எதுவும் தராமல் விட்டால். வீட்டுக்கு விற்கும் பல ஹார்டு டிஸ்க்குகளின் விவரத் தாளில், ஏறக்குறைய 12.5 டெராபைட் படிப்பதற்குள் ஓர் இடம் படிக்க முடியாமல் போகலாம் என்பது மேல் எல்லையாகக் குறிக்கப்பட்டிருக்கும். நடப்பில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் அதே வயதுள்ள, அதே அறையில் கிடந்த மூன்று டிஸ்க்குகளை வாழ்நாளிலேயே கடினமான ஓட்டத்துக்கு அனுப்புகிறோம் என்பதை மறக்கக்கூடாது. அந்த ஓட்டத்தில் இன்னொன்று விழுந்தால் எல்லாம் போகும். ரெய்டு 6 இரண்டு பேரிட்டி வைத்து இந்த நேரத்தைச் சமாளிக்கிறது. ரெய்டு 10 மிரர் இணைகளுக்கிடையே தரவைப் பிரித்து எழுதி வேகமும் பாதுகாப்பும் தருகிறது. இரண்டுக்கும் குறைந்தது நான்கு டிஸ்க் வேண்டும். வீட்டில் அவ்வளவு தேவைப்படுபவர் குறைவு.

இதுவரை: ரெய்டு 1 இரட்டை நகல், எளிது, பாதி இடம் போகும். ரெய்டு 5 கூட்டுத்தொகை, இடம் மிச்சம், எழுதுவதும் மீட்பதும் கடினம். இரண்டும் ஒரு டிஸ்க் இறப்பதைத் தாங்கும்.

ஒரே கூரையின் கீழ்

டிஸ்க் இறப்பதை மட்டும்தான் தாங்கும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் தவறுதலாக ஒரு மடலை அழித்தால் மிரர் மறு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துவிடும். அது அதன் கடமை. வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், பூட்டிய கோப்புகளின் இரண்டு நகல் உங்களிடம் இருக்கும். திருடன் பெட்டியைத் தூக்கிப்போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கடல் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியில் ரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் என்று ஊரையே கொண்டுபோனது. அந்த ஊரில் ஒருவர் தம் நிலப் பத்திரத்துக்கு இரண்டு நகல் எடுத்து ஒரே பெட்டியில் வைத்திருந்தால், கடலுக்கு அது ஒரு நகல்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை பெய்ததே, தரையில் வைத்திருந்த கணினிப் பெட்டிகளைத் தண்ணீர் எண்ணிப் பார்த்துவிட்டா நனைத்தது?

வேறோர் இடத்தில், வேறோர் நேரத்தில் எடுத்துத் தனியாக வைத்த நகல்தான் பேக்கப். ரெய்டு அந்த வேலையைச் செய்யாது. ரெய்டின் வேலை, ஒரு டிஸ்க் போன அன்றும் கணினி நிற்காமல் ஓடவைப்பது. கடைக்கும் அலுவலகத்துக்கும் அது பெரிய விஷயம். வீட்டில் ஒரு நாள் கணினி ஓடாவிட்டால் குடி முழுகாது. அதனால், கையில் இருக்கும் காசில் ரெய்டுக்கு ஒரு டிஸ்க்கா, பேக்கப்புக்கு ஒரு டிஸ்க்கா என்று கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் பேக்கப்புக்கு என்றே சொல்கிறேன். மூன்று நகல், இரண்டு வகைக் கருவியில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரப்பிய விதி உண்டு. படமெடுப்பவர் ஒருவரிடமிருந்து அது வந்ததில் எனக்கு வியப்பில்லை.

எதை எங்கே வைப்பது

ரெய்டு 0 எங்குமே கூடாதா என்றால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது நாளைக் காலை காணாமல் போனால் மறுபடி உண்டாக்க முடியுமா? இறக்கிய விளையாட்டு, தொகுப்பு மென்பொருள் தற்காலிகமாக எழுதும் கோப்புகள், வேறிடத்தில் மூலம் பத்திரமாக இருக்கும் வீடியோவின் வேலைப் பிரதி ஆகியவற்றுக்கு முடியும் என்பதே பதில். அவற்றை எவ்வளவு வேகமான இடத்திலும் போடுங்கள், போனால் ஒரு நாள் வேலைதான் போகும். திருமணப் படம், பாட்டியின் குரல், பழைய பாலத்தின் மேல் ரயில் ஆகியவற்றுக்கு முடியாது.

பெட்டி வாங்கியவர்கள் இன்றே அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து எந்த முறை என்று பார்த்துவிடுங்கள். வாங்கும்போதே ரெய்டு 0 ஆக வரும் இரட்டை டிஸ்க் பெட்டிகள் உண்டு. ஒரு சின்னச் சோதனை: 4 டெராபைட் டிஸ்க் இரண்டு உள்ள பெட்டி கணினியில் 8 டெராபைட் அளவு காட்டினால் உங்கள் தரவுக்கு நகல் இல்லை. மாற்றுவதாக இருந்தால் முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். முறையை மாற்றும்போது உள்ளே இருப்பது பொதுவாக அழிந்துவிடும்.

மண்டபத்து இளைஞர் நண்பர்களுக்குப் பென் டிரைவில் கொடுத்திருந்தவற்றையும், சுருக்கி அனுப்பியிருந்தவற்றையும் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தார். ஆறு ஆண்டில் எடுத்ததில் சிறு பகுதிதான் திரும்பியது. இப்போது அவர் தொகுப்பது ஓர் எஸ்எஸ்டியில். மூலக் காட்சிகள் வீட்டில் ரெய்டு 1 பெட்டியில், யூபிஎஸ்ஸோடு. மூன்றாவது நகல் தனி டிஸ்க்கில் பரமக்குடியில் உள்ள அக்கா வீட்டு அலமாரியில். மாதம் ஒரு முறை ரயிலில் போய், புதிய நகல் உள்ள டிஸ்க்கை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துவருகிறார். வந்ததும் என் கடையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்ததுபோல் ஐந்து கோப்புகளைத் திறந்து பார்ப்போம். போன மாதம் அதில் ஒன்று திறக்கவில்லை. வீட்டுப் பெட்டியில் அதே கோப்பு நன்றாக இருந்தது. அதிலிருந்து நகல் எடுத்துக்கொண்டு, அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிட்டோம்.